தொண்ணூறு நாளில் ஒரு லட்சம்

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு விசாலத்தை விமானத்தில் அந்தமான் அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். அதுவும் பைசா செலவில்லாமல்.

சிரிக்காதீர்கள். வழி இருந்தது. ஒரு வங்கி, விமானக் கம்பெனியோடு சேர்ந்து கிரெடிட் கார்டு விட்டிருந்தது. கார்டு வாங்கித் தொண்ணூறு நாளுக்குள் ஒரு லட்சம் செலவழித்தால் போனஸ் பாயின்ட். அந்தப் பாயின்ட்டுக்கு ரெண்டு டிக்கெட். வீட்டுச் செலவை எல்லாம் கார்டில் தேய்த்தால் லட்சம் தானாக வந்துவிடும்.

விசாலம் விமானம் ஏறியதே இல்லை. புனேயிலிருந்து மதுரைக்கு எப்போதும் ரயில்தான், அதிலும் ஸ்லீப்பர். காரணம் நான்தான். புனே பக்கம் சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பிடித்துவிடுவேன். வீட்டிலும் பத்து ரூபாய் பிசகினால் பிடித்துவிடுவேன். இந்த ஒரு தடவையாவது அவள் என்னைப் பார்த்து வாயடைத்து நிற்கவேண்டும் என்று ஆசை. அதனால் பரம ரகசியம்.

கார்டு வந்தது. ஒளித்து வைத்தேன். கரண்ட் பில் கட்டப் போனேன். கட்டியாகிவிட்டது என்றது போன்.

"விசாலம், கரண்ட் பில்ல யாரு கட்டினா?"

"நான்தான். எப்பவும் நீங்களே அலையறீங்களேன்னு."

"கேஸ்?"

"அதுவும்."

ஆகுர்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். கையில் சம்பளம் இருக்கிறது, கட்டுகிறாள். கோபித்துக்கொள்ளவா முடியும்? எங்கள் அபார்ட்மென்ட் சொஸைட்டி மெயின்டனன்ஸுக்குச் செக்ரட்டரி கேஷவ் வீட்டுக்கு ஓடினேன். "அரே அருணாச்சலம் ஸாப், வஹினி போன வாரமே கட்டிட்டாங்களே" என்றார். வஹினி என்றால் அண்ணி. மளிகைக்கடையிலும் அண்ணி. வருஷ இன்ஷூரன்ஸிலும் அண்ணி.

எழுபது நாள் போய்விட்டது. என் கார்டில் ஒன்பதாயிரம். அதில் செருப்பு ஒன்று, மூக்குக்கண்ணாடி ஒன்று. வேறு வழியில்லை, அவளையே செலவு செய்ய வைக்கவேண்டியதுதான்.

"விசாலம், உனக்கு ஏதாவது வேணுமா?"

கையிலிருந்த விடைத்தாளை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே."

"வேலை போயிருச்சா?"

"இல்ல."

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"நல்லாத்தான் இருக்கேன். லக்ஷ்மி ரோடு போய் ஒரு பைத்தணிப் புடவை எடுப்போமா?"

"எடுத்து எங்க கட்டிக்கிட்டுப் போறது, காய் வாங்க பாஜி மண்டிக்கா?"

"சரி, வாஷிங் மெஷின்?"

ஆறு வருஷமாக அவள் கேட்டு, ஆறு வருஷமாக நான் மறுத்தது.

"வேணாங்க. கையால துவைச்சா இடுப்புக்கு நல்லதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அது தப்பும்மா. நான் சொன்னது தப்பு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"தப்பு."

இப்படியாக, நான் கெஞ்ச அவள் மறுக்க, மூன்று நாள் கழித்து, "ஏதோ உங்க சந்தோஷத்துக்காக" என்று சம்மதித்தாள். மெஷின் நாற்பத்திரண்டாயிரம். கடையில் பக்கத்திலேயே ஃப்ரிட்ஜ் இருந்தது. அதையும் என் சந்தோஷத்துக்காக வாங்கிக்கொண்டாள். முப்பத்தொன்பதாயிரம்.

இன்னும் பத்தாயிரம் பாக்கி. நான் பெட்ரோல் பங்க்குக்குப் போய் நின்றேன். சொஸைட்டிக்காரர்கள் வண்டிக்கெல்லாம் என் கார்டில் பெட்ரோல். பணத்தை அவர்கள் என் போனுக்கு அனுப்பிவிடவேண்டும். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் அங்கேதான் நின்றேன். காற்றடிக்கிறவன் என்று நினைத்து ஒருவர் டயரைக் காட்டினார்.

லட்சம் தாண்டியது. போனஸ் வரவில்லை. கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வங்கிக்குப் போன் செய்தேன். பெட்ரோல் செலவு கணக்கில் சேராது என்று ஒரு பெண் தேன் போன்ற குரலில் சொன்னாள். உங்கள் கணக்கு தொண்ணூறாயிரத்தில் நிற்கிறது, ஸார்.

அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். விசாலம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கார்டு, அந்தமான், பெட்ரோல் பங்க் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "உன்னை ஒரு தடவை ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போகணும்னு நெனைச்சேன். அதுக்கும் எனக்குத் துப்பில்ல" என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்காகவா ஒரு வாரம் பங்க்ல நின்னீங்க?" என்று கேட்டாள். பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். அந்தமானுக்கு ரெண்டு டிக்கெட். எங்கள் கல்யாண நாளுக்கு முந்தின தேதி.

வாயடைத்து நின்றது நான்.

"எப்படி?"

"அதே கார்டு நானும் வாங்கினேன். போன மாசமே போனஸ் வந்துருச்சு."

"என் கார்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"மெத்தைக்கு அடியில ஒளிச்சு வெச்சா? மெத்தையைத் தட்டிப் போடறது யாரு, நீங்களா?"

"அதான் எல்லா பில்லையும் நீயே கட்டினியா?"

"நான் கட்டாம இருந்தா நீங்க வாஷிங் மெஷின் வாங்கியிருப்பீங்களா?"

நான் புது வாஷிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

"பெட்ரோல் சேராதுன்னு நாலாம் பக்கத்துல போட்டிருக்கே, பாக்கலியா?"

"நாலாம் பக்கம் வரைக்கும் யாரு படிப்பா?"

"கணக்கு டீச்சர் படிப்பா."

போகட்டும், எப்படியோ அவள் பறக்கப் போகிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோற்றாலும் இவளிடம்தானே தோற்றேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பற?"

"ரெண்டு டிக்கெட்டும் போறதுக்குத்தாங்க. வர்றதுக்கு? அந்தமான்ல இருந்து நீந்தியா வர்றது? உங்க போனஸ் வந்தாத்தான் திரும்பி வர முடியும். மூணு நாள்தான் இருக்கு."

ஏ.சி. முப்பத்தெட்டாயிரம். என் கார்டைத் தேய்த்துக்கொண்டே கடைக்காரர், "உங்க ஸாப் ரொம்ப தாராளம், வஹினி" என்றார்.

விசாலம் பெருமூச்சு விட்டாள். "என்ன பண்றது பாய்ஸாப், நான் வேணாம் வேணாம்னுதான் சொல்றேன், இவர் கேக்கவே மாட்டேங்கறாரு."