‘போனா’ என்றீர்களா, ‘போனாத்தான்’ என்றீர்களா?

அன்புள்ள மச்சான் தேவராஜ் அவர்களுக்கு, அம்பத்தூரிலிருந்து நாகப்பன் சொல்லச் சொல்ல மகள் தாட்சாயிணி எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கு முழங்கால் உள்பட எல்லோரும் சுகமாக இருக்க அம்மன் துணை.

எம்.ஜி.ஆர் காலமாகி, பஸ்ஸும் இல்லாமல் ரயிலும் இல்லாமல், நாம் இருவரும் ஆவடியிலிருந்து திருநின்றவூருக்குத் தண்டவாளத்தோடு நடந்தோமே, அதற்கு அடுத்த தை மாதம் இவளுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: “பொண்ணு படிச்சி வேலைக்குப் போனா எம் புள்ள கஜபதிக்கே கட்டிக்கிறோம் மாமே.”

இப்போது இவள் பேங்க் பரீட்சையில் தோற்றுவிட்டாள். கணக்கெல்லாம் சரி. பூனையெல்லாம் நாற்காலி, நாற்காலியெல்லாம் மேகம், ஆகவே பூனையெல்லாம் மேகமா என்று கேட்டிருக்கிறான். இவள் இல்லை என்று எழுதிவிட்டாள். ஆமாம் என்று எழுத வேண்டுமாம். “எந்த ஊட்ல பூனை நாற்காலியாச்சின்னு யோசிக்கக் கூடாது நைனா. குடுத்ததுல இன்னா கீதோ அத்தோட நிக்கணும்” என்கிறாள். அடுத்த பரீட்சைக்கு இதையே படித்துப் படித்து, வீட்டில் ஒருவர் வாயைத் திறக்க முடியவில்லை. “மழ வந்தா துணிய எடுடி” என்று சொல்லிவிட்டு உங்கள் அக்கா கடைக்குப் போனாள். மழை வரவில்லை, மாடு வந்தது. என் வேட்டியில் பாதி அதன் வயிற்றில்.

“மழ வந்தா எடுன்ன. மாடு வந்தா இன்னா பண்றதுன்னு சொல்லலியே.”

“மழ வரலன்னா எடுக்காதேன்னு சொன்னேனாடி?”

“அதுவும் சொல்லல. அதான்மா பாயிண்டு.”

பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி வாசலில் நின்று, “நைனா கீறாராம்மா?” என்றால், “செருப்பு கீது” என்கிறாள். “அப்ப கீறாரு.” “செருப்பு கீதுன்னா செருப்பு கீது, அவ்ளோதான்ணே.” அவன் திரும்பிப் போய்விட்டான். நான் உள்ளேதான் இருந்தேன் மச்சான். கூப்பிடத் தெம்பில்லை.

இந்த இம்சையிலும் ஒரு நன்மை. இவளுக்கு வேலை இல்லையென்று கஜபதிக்குக் கரையான்சாவடியில் பெண் பார்க்கிறீர்களாம். மச்சான், வேலைக்குப் ‘போனா’ என்றுதான் சொன்னீர்கள். ‘போனாத்தான்’ என்று சொல்லவில்லை. போகாவிட்டால் கட்டிக்கொள்ள மாட்டோம் என்று அதில் எங்கே இருக்கிறது? புத்தகப்படி அப்படி முடிவு எடுக்கவே கூடாது. பக்கத்து இலையில் அய்யாசாமி கேட்டான், செத்துப்போனான். சாம்பார் வாளியோடு நின்ற தாயம்மாள் கேட்டாள், அவளும் போய்ச் சேர்ந்தாள். என் அண்ணன் வேம்புலியும் போய்விட்டார். அதற்காகச் சொன்ன சொல்லும் சாகுமா? வேறு மாப்பிள்ளை தேடி அலைய எனக்குக் காலில்லை. கரையான்சாவடியை விட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

கஜபதி நூறு வயசு இருக்கட்டும். வீட்டில் மற்றவர்களும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாகப்பன் (ரேகை)

பி.கு. ரேகை வைத்த மை காய்வதற்குள் இவள் கேட்கிறாள்: “மாமா கட்டிக்கிறோம்னாரு, சரி. நான் கட்டிக்கிறேன்னு எதுல கீது நைனா?” எழுதியதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். எதிலும் இல்லை. ஆகவே தேதி குறிக்க வேண்டாம், கரையான்சாவடிக்கே போங்கள். அன்று பந்தியிலும் ஒரு குரல், “பொண்ண ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றது. “நீ மோர ஊத்து” என்று எல்லோருமாகச் சேர்ந்து அடக்கிவிட்டோம். அந்தப் பேச்சைக் காதால் கேட்டவர்களில் நம் இருவரை விட்டால் இன்று உயிரோடு இருப்பது அந்த ஒருத்திதான்: உங்கள் சம்சாரம், என் தங்கச்சி பார்வதம்.