விடை தெரிந்த விரல்

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தில் அந்த வருடம் கல்யாணங்களை விட விரல் வகுப்புகள்தான் அதிகம் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வாசலில் செருப்பு மலை எழும்பிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்தார்கள். கடம்பத்தூரிலிருந்தும் வேப்பம்பட்டிலிருந்தும் ரயில் மாறி வந்தவர்கள் டிபன் பாக்ஸோடு வந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே ஆசை. பிள்ளை எம்.பி.ஏ. படிக்க வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். தேறுவதற்குப் படிக்க வேண்டும் என்று ஒரு மூடநம்பிக்கை அதுவரை ஊரில் இருந்துவந்தது. அதைத்தான் விரல்ஞானி வசந்தகுமார் ஒழித்துக்கட்டினார்.

அவருடைய தத்துவம் சுருக்கமானது. சுட்டுவிரலுக்கு எல்லா விடையும் தெரியும். மூளைதான் குறுக்கே நிற்கிறது. மூளையை ஒதுக்கிவிட்டால் விரல் தானாகச் சரியான விடை மேல் போய் நடுங்கும்.

மேடையில் விபூதித் தட்டு, மெழுகுவர்த்தி, லேப்டாப் மூன்றும் இருக்கும். எல்லா மதத்தாருக்கும் விரல் உண்டல்லவா? மாணவனின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டுவார்கள். அவன் முன்னால் மேசையில் ஒரு கேள்வித்தாள். அதன் நகல் ஒன்று விரல்ஞானியின் இடது கையில், "கேள்விக்கு உயிர் கொடுக்க". வலது கையால் மாணவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், "சக்தி ஏற்ற". பையனின் விரல் நான்கு விடைகள் மேலும் ஊர்ந்து போகும். ஓரிடத்தில் வெடவெடவென்று நடுங்கும். பார்த்தால் சரியான விடை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சிலுவை போடுகிறவர்கள் சிலுவை போடுவார்கள்.

அந்தத் தேர்வுக்குப் பெயர் கேட், ஆங்கிலத்தில் பூனை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்பார்கள். நம் ஆள் ஒரு படி மேலே போய், கண்ணைக் கட்டிப் பூலோகத்துக்கே வெளிச்சம் காட்டினார்.

சந்தேகம் கேட்டவர்களும் உண்டு. "சில கேள்விக்கு நாலு விடையே குடுக்க மாட்டானுங்களே மாஸ்டர், நாமே எழுதணுமே?" என்றார் ஒருவர்.

"அது செகண்ட் லெவல் கோர்ஸ்," என்றார் விரல்ஞானி.

"போன வருஷம் நம்ம ஆளுங்க நெறைய பேரு தேறலியே?"

"கத்தரிக்கா சாப்ட்டிருப்பாங்க. நாப்பத்தெட்டு நாள் கத்தரிக்கா கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"நீங்களே எழுதி எம்.பி.ஏ. போயிருக்கலாமே?"

"பூசாரி பொங்கல் சாப்ட மாட்டான்," என்றார் அவர். கூட்டம் தலையாட்டியது. பொங்கல் சாப்பிடாத பூசாரியை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டினார்கள்.

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன் குணா. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு இரும்புக் கம்பி ஆலையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அஞ்சலில் பட்டமும் வாங்கியவன். முட்டாள் இல்லை. இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்துப் போன முறை கொஞ்சத்தில் தவறவிட்டவன். கொஞ்சத்தில் தவறவிட்டவனைத்தான் இப்படிப்பட்டவர்கள் சுலபமாகப் பிடிப்பார்கள். விரல்ஞானி அவனை மேடைக்குக் கூப்பிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். விரல் நடுங்கியது. விடை சரியாக இருந்தது. அன்றோடு குணா புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டான். படித்தால் விரல் குழம்பிவிடும் என்பது மாஸ்டரின் உத்தரவு.

அவனோடு சேர்ந்து படித்துவந்தவள் ஜெனிபர். அதே ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உருட்டி வரும் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்ப்பதுதான் அவளுடைய தொழில். கம்பி நல்ல கம்பியா என்று முதலாளியையும் கேட்க மாட்டாள், கம்பியையும் கேட்க மாட்டாள். இழுத்துப் பார்ப்பாள்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஆலை வாசல் டீக்கடையில் அவனைப் பிடித்தாள்.

"இன்னா குணா, மாக் டெஸ்டுக்கு வரலியா?"

"எனக்கு இனிமே அது தேவையில்ல ஜெனி. விரல் பேசுது."

"இன்னா பேசுது?"

"கிண்டல் பண்ணாதே. நானே அனுபவிச்சேன். நான் ஆட்டல. அதுவா ஆடுது."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைக் கவலைப்படுத்தியது. ஏமாற்றுகிறவனைத் திட்டலாம். ஏமாந்துபோய் நிற்கும் நண்பனைத் திட்டி என்ன ஆகும்?

"சரி, ஊட்ல தனியா செஞ்சு பாத்தியா? அவரு கையப் பிடிக்காம?"

"தனியா செய்யக் கூடாது. சக்தி ஏறாது."

"அப்போ எக்ஸாம் ஹாலுக்கு அவரும் வருவாரா?"

குணா டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை அவனுடைய அம்மா கெங்கம்மாள் ஜெனிபர் வீட்டுக்கு வந்தாள். ஒரு கெமிக்கல் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள்.

"புக்க தொட மாட்டேன்றாம்மா. விரல்ல நூல் சுத்தி வெச்சிக்கினு கீறான். சோறு கூட இடது கையால துன்றான். ஒரே பேஜாரா கீது. அந்த ஆளு நெஜமா பொய்யா, அத மட்டும் சொல்லு."

"எனக்கும் தெரியாது ஆன்ட்டி. சோதிச்சிப் பாத்துட்டு சொல்றேன்."

சோதிப்பதற்கு வழியை விரல்ஞானியே போஸ்டரில் அச்சடித்து வைத்திருந்தார். 'எந்தக் கேள்வித்தாளையும் கொண்டு வாருங்கள். விரல் பதில் சொல்லும்.' கொண்டுவந்தவர்கள் எல்லாரும் ஒரே தாளை இரண்டு நகல் எடுத்து வந்தார்கள். அவருக்கு ஒன்று, மாணவனுக்கு ஒன்று. ஜெனிபரும் பத்துக் கேள்விகளை டைப் செய்து, ஜெராக்ஸ் கடையில் இரண்டு தாளாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஜெனிபர் எழுந்து நின்றாள்.

"மாஸ்டர், நான் பேப்பர் கொண்டாந்திருக்கேன். குணாவே வரட்டும்."

விரல்ஞானி மகிழ்ச்சியோடு தாளை வாங்கிக்கொண்டார். மற்றொரு தாளை ஜெனிபர் மேடை ஏறி மேசையில் வைத்தாள். குணாவின் கண்ணைக் கட்டினார்கள். அவர் பின்னால் நின்று, கை நீட்டி, மணிக்கட்டைப் பிடித்தார். மேசைமேல் இருந்த பொடி எழுத்து அவ்வளவு தூரத்தில் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கையில்தான் நகல் இருக்கிறதே.

விரல் ஊர்ந்தது. நடுங்கியது. நடுங்கிய இடத்தில் எல்லாம் ஜெனிபர் பேனாவால் வட்டம் போட்டாள். பத்துக் கேள்விக்கும் பத்து நடுக்கம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராகக் கையைத் தூக்கி வைத்திருந்தது.

"கெங்கம்மா ஆன்ட்டி, நீங்களே வந்து சத்தமா படிங்க," என்றாள் ஜெனிபர்.

கெங்கம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடை ஏறினாள்.

"மொதல் கேள்வி. எரநூத்தி நாப்பது மீட்டர் நீள ரயில் ஒரு கம்பத்த பன்னெண்டு செகண்ட்ல தாண்டுது. மணிக்கு எத்தினி கிலோமீட்டர் வேகம்? விரல் சொன்ன பதில், தொண்ணூறு."

"எழுபத்திரெண்டு," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கல் என்னிக்குயா தொண்ணூறுல போச்சு?" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

"ரெண்டாவதும் தப்பு," என்றாள் ஜெனிபர்.

"மூணாவது. ஆறு பேரு பத்து நாள்ல முடிக்கிற வேலைய நாலு பேரு எத்தினி நாள்ல முடிப்பாங்க? விரல் சொல்லுது, ஆறு நாள்." கெங்கம்மாள் தாளைக் கீழே இறக்கினாள். "ஆள் கொறஞ்சா வேல சீக்கிரம் முடியுமா? எங்க காண்ட்ராக்டர் தாம்மா இப்டி சொல்லிக்கினு திரிவான்."

இப்போது மண்டபமே சிரித்தது. மீதி ஏழும் அப்படியே, பத்தும் தவறு. ஒன்று கூடத் தற்செயலாகச் சரியாக இல்லை.

விரல்ஞானி குணாவை முறைத்தார். "கத்தரிக்கா சாப்ட்டியா?"

"நாப்பது நாளா ரசம் ஊத்தி சாப்ட்டுக்கினு கீறேன் மாஸ்டர்," என்றான் குணா. கட்டு அவிழ்த்த கண் கூசியது.

"அப்போ பேப்பர்ல தோஷம்."

"இருக்கலாம்," என்றாள் ஜெனிபர். "உங்க கையில இருக்குற பேப்பரக் குடுங்க. அதே எடத்துல வட்டம் போட்டுப் பாக்கலாம்."

அவர் கொடுக்கத் தயங்கினார். முன்வரிசையில் இருந்தவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். முதல் கேள்வி, இரண்டாவது இடம்: எழுபத்திரண்டு. மூன்றாவது கேள்வி, மூன்றாவது இடம்: பதினைந்து நாள். பத்துக்குப் பத்தும் சரி.

"ரெண்டு பேப்பர்லயும் ஒரே கேள்விதான். விடைங்கள மட்டும் எடம் மாத்தி அடிச்சேன்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "குணா விரலுக்கு விடை தெரிஞ்சிருந்தா, குணா பேப்பர்ல சரியா நின்னிருக்கும். அது மாஸ்டர் பேப்பர்ல சரியா நின்னுச்சு. விரல் இவனோடது. விடை அவரோடது. நடுவுல ஒரு மணிக்கட்டு."

குணா தாளைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணை மூடி, யாரும் பிடிக்காமல் விரலை வைத்தான். முதல் விடை, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. விரல் சும்மா இருந்தது. விரல் செய்ய வேண்டிய வேலையை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அவன் நூலைப் பிய்த்துப் போட்டான். முகம் சிவந்திருந்தது. அவமானமும் இருந்தது, ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. உடனே வாட்ச்சில் தேதியைப் பார்த்தான். தேர்வுக்கு நான்கு வாரம்.

பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேலே எழுந்தது. கெங்கம்மாள் கையைக் காட்டினாள். "எறக்கு நைனா. அவரு பேசட்டும்."

விரல்ஞானி வசந்தகுமார் இப்போது வெறும் வசந்தகுமார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஜெனிபருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "சார், இந்தப் பத்தும் நானே யோசிச்சுப் போட்ட கேள்வி. நின்ன எடத்துலயே மனக்கணக்கா போட்டிருக்கீங்க. எனக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. இவ்ளோ நல்லா கணக்கு வருதே, அதச் சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"சொல்லிக் குடுத்தேம்மா," என்றார் அவர். "கவரப்பேட்டையில மூணு வருஷம் சென்டர் வெச்சிருந்தேன். கணக்கு மட்டும்தான். ஏழு பேரு வந்தாங்க. அதுல ரெண்டு பேரு ஏசிக்காக வந்தவங்க. அப்புறம் விரல்னு ஒரு போஸ்டர் ஒட்டினேன். மொத ஞாயித்துக்கெழமையே எரநூறு பேரு. நான் இன்னா செய்யட்டும்?"

மண்டபத்தில் எல்லாரும் அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை.

"ஏழு பேருக்கு சொல்லிக் குடுத்திருக்கணும்," என்றாள் ஜெனிபர்.

நான்கைந்து பேர் அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் ஒருவர் அவரிடம் தன் மகளுக்கு வராத சதவீதக் கணக்கு ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று பின்னால் சொன்னார்கள். நன்றாகவே விளக்கினாராம்.

குணா படிகளில் இறங்கும்போது ஜெனிபரிடம், "அந்த மூணாவது கணக்க நீ எப்டி போட்டே?" என்று கேட்டான்.

"ஊட்டுக்கு வா. பரண்லேர்ந்து புக்க எறக்கு மொதல்ல."

அதற்குள் கூட்டம் ஜெனிபரைச் சூழ்ந்துகொண்டது. வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் மகனின் ஹால் டிக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"உன் கை ராசியான கைம்மா. இத ஒருவாட்டி தொட்டுக் குடு."

"ராசி இல்லங்க ஆன்ட்டி," என்றாள் ஜெனிபர். "ரெண்டு ஜெராக்ஸ். அவ்ளோதான்."

அந்த அம்மா கிட்டே நெருங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எந்தக் கடையில எடுத்தே?"

ஜெனிபர் கடையின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் காலை அந்த ஜெராக்ஸ் மிஷினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, வரிசையில் நின்றிருப்போம். மிஷின் வைத்த தாளைத்தான் திருப்பித் தரும். அதற்கு அதுதான் விதி. நமக்கும் அதே விதி என்று யார் சொன்னது? எதை வைத்தாலும் சாமியாக்கித்தான் வெளியே விடுவோம்.