முருங்கைக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குள் துருவ நட்சத்திரத்தைப் பார்த்தே தீருவது, அதற்காக வீட்டில் ஒரு கொலை விழுந்தாலும் சரி என்று எபனேசர் முடிவு செய்தார். கொலை என்றதும் பதற வேண்டாம். சாக வேண்டியது ஒரு முருங்கை மரம்தான். ஆனால் அது ஹெப்சிபாவின் முருங்கை மரம் என்பதால் விஷயம் கொலையைவிடக் கொஞ்சம் பெரிது.

எபனேசர் பாளையங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவர். வகுப்பில் அவர் பேசினால் அறுபது பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் ஹெப்சிபா பேசினால் அவர் வாய் திறக்க மாட்டார். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். மூன்றாம் வகுப்பையே கட்டி மேய்க்கிறவளுக்குப் புருஷன் எம்மாத்திரம்.

நாடெங்கும் இருக்கிற வானப் பைத்தியங்கள் சேர்ந்து வானத்தைத் துண்டு போட்டு, ஆளுக்கொரு துண்டைத் தினமும் படமெடுத்து, புதிதாக ஏதாவது நகர்கிறதா என்று பார்த்துவருகிறார்கள். அதில் ஒரு துண்டு எபனேசருக்கு வருவதாக இருந்தது. ஒரே நிபந்தனை, வியாழன் எட்டு மணிக்குள் ஒரு சோதனைப் படம் அனுப்ப வேண்டும். படத்தில் நட்சத்திரமெல்லாம் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்க வேண்டும். புழுப் புழுவாக இழுத்திருந்தால் அந்தத் துண்டு சேரன்மகாதேவி நாறும்பூநாதனுக்குப் போய்விடும்.

நாறும்பூநாதன் ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் மாடிக்கு வடக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். போன் செய்யும்போதெல்லாம், "நம்ம பக்கம் வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்குவே" என்று வயிற்றெரிச்சலைக் கிளப்புவார். அவரிடம் தோற்பதைவிடத் தாமிரபரணியில் குதிக்கலாம் என்று எபனேசருக்குத் தோன்றும். இந்த மாசி மாதத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்பதால் அதுவும் முடியாது.

நட்சத்திரத்தைப் பொட்டாக விழவைப்பது தொலைநோக்கி அல்ல, அதைத் தாங்குகிற மவுண்ட். இருபது கிலோ இரும்பு, உள்ளே மோட்டார். பூமி ஒரு பக்கம் சுற்ற, அது மறுபக்கமாகத் தொலைநோக்கியைப் பையப் பையத் திருப்பும். அதன் அச்சு மட்டும் துருவ நட்சத்திரத்தைக் குறிபார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் புழுதான். மாடியில் சிமெண்டுத் தூண் கட்டி அதில் பொருத்திவிட்டால் ஒரு தடவை குறிபார்த்தால் போதும். "என் வத்தல் காயுற எடத்துல தூணா?" என்று ஹெப்சிபா கேட்டாள். கட்டாத தூண் அந்த நிமிஷமே இடிந்தது. ஆகவே முக்காலி. ஆகவே தினமும் புதிதாகக் குறிபார்க்க வேண்டும்.

காஷ்மீரில் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்கும். திருநெல்வேலிச் சீமையில் அது அடிவானத்தை விட்டு ஒன்பது டிகிரி ஏறினால் அதிகம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் மறைந்துவிடும். அந்த முஷ்டி இருக்க வேண்டிய இடத்தில் சரியாக முருங்கை நின்றது.

அது எபனேசரின் அப்பா நட்டது. முன்பெல்லாம் கம்பளிப்பூச்சி விழுகிறது, வெட்டுங்கள் என்று ஹெப்சிபா நச்சரிப்பாள். "அப்பா நட்டதுட்டி" என்று இவர் கண்கலங்குவார். உண்மையில் இவருக்கு அரிவாள் பிடிக்கச் சோம்பல். ஆனால் நாலு மாசத்துக்கு முன் மவுண்ட் வந்த நாளிலிருந்து அவள் மரத்தின் கட்சிக்குத் தாவிவிட்டாள்.

"ஒரு கொம்ப மட்டும் கழிச்சுக்கிடட்டுமா ஹெப்சி?"

"மாமா நட்ட மரம். இலையத் தொட்டியன்னா நடக்கிறதே வேற."

"நாலு வருசமா நீதான வெட்டச் சொன்ன?"

"அப்ப புத்தியில்ல. இப்ப வந்துட்டு."

வியாழன் ஐந்து மணிக்கு ஹெப்சிபா சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். ஏழரைக்குத்தான் வருவாள். திட்டம் ரொம்ப எளிது. மரத்தை வெட்டுவது, படம் அனுப்புவது, பழியைக் காற்றின் தலையில் போடுவது. ஐந்தே காலுக்கு எபனேசர் லுங்கியை மடித்துக் கட்டி, அரிவாளோடு மரத்தில் ஏறினார். ஐம்பத்துமூன்று வயதில் முதல் தடவையாக மரம் ஏறுகிறவருக்குக் கை கால் என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும் செய்தன.

இரண்டு கொம்பு விழுந்தது. மூன்றாவதில் அரிவாளை ஓங்கியபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ஹெப்சிபா.

"எங்க இருக்கிய?"

"மேல."

"மாடியிலயா?"

"மேல" என்றார் மறுபடியும்.

"ராத்திரி குழம்புக்கு நாலு முருங்கைக்காய் பறிச்சு வையுங்க."

எபனேசர் குனிந்து பார்த்தார். கீழே நாற்பது காய் கிடந்தது.

"சரி."

"எட்டலைன்னா விட்டுருங்க. மரத்துல கிரத்துல ஏறிராதிய."

"நான் ஏன் ஏறுதேன்?"

"சொல்லுதேன். முருங்கை சட்டுன்னு முறியும். அதுவும் அந்தத் தெக்குக் கொம்புல பாரமே வைக்கக் கூடாது."

எபனேசர் உட்கார்ந்திருந்தது தெற்குக் கொம்பில்தான். காலடியில் லேசாக ஒரு சத்தம் கேட்டது. வேர்த்து விறுவிறுத்து வடக்குக் கொம்புக்குத் தாவினார். பாவம், எவ்வளவு அக்கறையானவள், அவளை ஏமாற்றுகிறோமே என்று அந்த நிலையிலும் மனசு குறுகுறுத்தது. ஆனாலும் அரிவாளை இறக்கவில்லை.

ஆறேகாலுக்கு மரம் மொட்டையாகி நின்றது. ஏழு மணிக்கு மாடியில் மண்டியிட்டு, மவுண்டின் குழாய்க்குள் கண்ணை வைத்துத் திருகாணிகளைத் திருகினார். பனைமர உயரத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. துருவ நட்சத்திரம். இத்தனை வருஷமும் கொல்லைப்புறத்திலேயே இருந்திருக்கிறது. எபனேசருக்கு அழுகை வந்துவிட்டது.

ஏழு இருபத்தைந்துக்குப் படம் போனது. பொட்டுப் பொட்டாக, அத்தனையும் பொட்டு. ஏழு முப்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. ‘வாழ்த்துகள், அந்தத் துண்டு உங்களுக்கே.’ நாறும்பூநாதன் முகத்தை நினைத்துப் பார்த்து எபனேசர் தனியாகச் சிரித்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. குட்டியானை லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பைபிள் பையோடு ஹெப்சிபா இறங்கினாள். பின்னாலேயே ஆடு வளர்க்கிற இசக்கிமுருகன் கயிறும் சாக்குமாக இறங்கினான். எபனேசர் படியிறங்கி ஓடினார்.

"ஹெப்சி, ஆறு மணிக்கு ஒரு காத்து அடிச்சுது பாரு."

"அருவாளோட அடிச்சுதாக்கும்" என்றாள் ஹெப்சிபா. கோபமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நல்லதாப் போச்சு. நாலு வருசமா நான் வெட்டச் சொல்லி விழாத மரம், வெட்டாதியன்னு சொல்லவும் நாலே மாசத்துல விழுந்துட்டு. நாளைக்கு அடிமரத்தயும் தோண்டிட்டு அங்கன தண்ணித் தொட்டிக்குத் தூண் எழுப்ப கொத்தனார் வாராவ."

"தொட்டியா? எம்புட்டு உயரம்?"

"மாடிக்கு மேல ஏழடி."

"வடக்கு முழுசும் மறைஞ்சிருமே. எனக்குத் தெனமும் துருவ நட்சத்திரம் தெரியணுமே ஹெப்சி. இப்பத்தான் எனக்குத் துண்டு கிடைச்சிருக்கு."

"தெரியும். அதுக்கும் ஆளப் பாத்துப் பேசியாச்சு."

இசக்கிமுருகன் முருங்கைத் தழையை அள்ளிக்கொண்டே சொன்னான்: "சார், டீச்சர் போன வாரமே ரெண்டு நடை பேசிட்டாவ. மொத நடை ஆட்டுக்குத் தழை. ரெண்டாவது நடை சேரன்மாதேவி, நாறும்பூநாதன் அண்ணாச்சி வீட்டு மாடி. அந்த முக்காலிய நீங்க இறக்குதியளா, நான் ஏறி வரட்டா?"