ஏழாம் நம்பரும் இரண்டு மாடுகளும்

புதுக்கோட்டைச் சீமையிலேயே மாட்டுக்குப் பின்னால் ஸ்டியரிங் பிடித்த மனிதர் ஏழாம் நம்பர் ஒருவர்தான்.

திருக்கோகர்ணத்தில் எங்களுக்கு எதிர்வீடு. நிலபுலன் உள்ளவர். சமஸ்தான காலத்தில் மெட்ராஸ் பக்கம் நடந்த ஒரு கார் பந்தயத்தில் தன் சலூன் காரை ஓட்டிக் கடைசியாக வந்தார். "எல்லாரும் முன்னாடி போயிட்டாங்களா, ரோடு நல்லாத் தெரிஞ்சுச்சு" என்பார். பந்தயத்துக்காகக் கதவில் எழுதிய 7 என்ற எண்ணைப் பிறகு அழிக்கவே இல்லை. ஊரும் அவர் பெயரை மறந்துவிட்டது.

அந்தக் கார் அடிக்கடி படுத்துக்கொள்ளும். எழுப்புவதற்காகப் பாகம் பாகமாக மாற்றினார். எஞ்சின், கீரனூரில் புளியமரத்தில் மோதிய ஒரு காருடையது. கதவை மாற்றியபோது முதல் வேலையாக அதிலும் 7 எழுதினார்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. வண்டியை அங்கே புதிதாகப் பதியச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

"சேஸிஸ் வேற, எஞ்சின் வேற. பதிவுப் புஸ்தகத்துல இருக்கிற வண்டி இது இல்லைங்க."

"அதே வண்டிதாங்க. ஒங்களுக்கும்தான் பல்செட்டு. அதுக்காக வேற ஆளாயிட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் பல்செட்டு தெரியச் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். "புது வண்டின்னு கையெழுத்துப் போடுங்க, புது நம்பர் தர்றேன்" என்றார்.

"பந்தயத்துல ஓடுனது இதுதாங்க. புது வண்டின்னு நானே எழுதிக் குடுத்தா, நான் ஓடுனதே பொய்யாயிடும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நம்பர் இல்லாமல் ரோட்டில் ஓட்டக்கூடாது. அவரும் ஓட்டவில்லை. முன்பக்கம் நுகத்தடி கட்டி இரண்டு மாடுகளைப் பூட்டினார். மாட்டுவண்டிக்கான லைசென்ஸ் தகர வில்லை கேட்டு நகராட்சிக்குப் போனார்.

"ரெண்டு சக்கர வண்டிக்குத்தான் வில்லை இருக்குங்க" என்றார் குமாஸ்தா.

"அப்ப ரெண்டு வில்லை குடுங்க."

கண்ணில் பந்தயக் கண்ணாடியோடு சந்தைக்குப் போவார். மாடு எங்கிட்டுப் போகிறதோ அங்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்புவார். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டிகூட அவரை முந்திவிடும்.

"இங்கிட்டும் கடைசிதானாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"திருமயம் ரோட்டுல ஒரே ஒருக்க எஞ்சினைப் போட்டு விரட்டிப் பாக்கணும்டா தம்பி" என்றார். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். போடாமலே போய்ச் சேர்ந்தார்.

மகன் போட்டான். அறுபதுகளில் ஒருநாள் திருமயம் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். புது நம்பரோடு அந்தக் கார் சீறிக்கொண்டு போனது. அதே எஞ்சின், அதே கதவு, கதவில் அதே 7. ஒரு பாகம்கூட மாறவில்லை. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் இல்லை. அன்றைக்குத்தான் இன்ஸ்பெக்டர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டேன். அது வேறு வண்டிதான்.