மாமான்ரை றேடியோவும் என்ரை பேஸ் பெட்டியும்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. எட்டு இஞ்சி அகல ஸ்பீக்கர் ஒண்டு தேடிப் பிடிக்கிறது.

அவ்வளவுதான். வேறை ஒண்டுமில்லை.

நான் கரவெட்டி. கலியாணம் கட்டி வட்டுக்கோட்டையிலை மனிசி வீட்டுக்கு வந்து மூண்டு மாசம். எங்கடை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சீதன வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைக்குக் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறதுதான் உத்தியோகம். நான் அதோடை நிண்டிருக்கலாம். வாய் விட்டாத்தானே!

ஒழுங்கை முடிவிலை ஒரு வைரவர் கோயில். பொங்கல் வருது. சண்டையாலை கரண்ட் எண்ட சாமானையே நாங்கள் மறந்து போன காலம் அது. பாட்டுப் போட ஆரோ ஒரு கார் பற்றரியும் சின்ன அம்ப்ளிபயர் ஒண்டும் ஒழுங்குபண்ணிப் போட்டினம்.

"பாட்டுக் கேக்கும். ஆனா நெஞ்சிலை 'டொம் டொம்' எண்டு விழுற அடி இராது" எண்டு கோயில் கூட்டத்திலை ஒருத்தர் கவலைப்பட்டார்.

நான் எழும்பி நிண்டன். "அடியை நான் தாறன்!"

மாமா மெல்லமாத் திரும்பிப் பாத்தார். "மருமோனுக்கு உதெல்லாம் தெரியுமே?"

"என்ன மாமா, கரவெட்டியிலை நான் செய்யாத பெட்டியே!"

எத்தினை செய்தனான் எண்டு அவர் கேக்கேல்லை. நல்ல காலம்.

இப்ப நீங்கள் சப்வூபர் எண்டு கடையிலை வாங்கிறியள். அப்ப எங்களுக்கு அது பேஸ் பெட்டி. நானும் பழைய அலுமாரிக் கதவை அறுத்து ஒரு பெட்டி அடிச்சன். முன்பலகையிலை ஸ்பீக்கருக்கு ஒரு வட்ட ஓட்டை, மற்றப்படி எல்லாப் பக்கமும் மூடுற பெட்டி. ஸ்பீக்கருக்குப் பின்னாலை வாற காத்து வெளியிலை வந்து முன்பக்கத்துக் காத்தோடை சேந்தா அடி செத்துப்போம். வேறை ஒரு மயிரிழை ஓட்டையும் இருக்கப்படாது. இதை நான் ஒரு புத்தகத்திலை படிச்சனான். படிச்சதோடை நிப்பாட்டியிருக்கலாம் எண்டு பிறகு கனதரம் யோசிச்சனான்.

பின்பலகையை அடைக்கிறதைத் தவிரப் பெட்டி முடிஞ்சுது. நான் ஊரிலை இருந்து கட்டிக் கொண்டுவந்த ஸ்பீக்கரை எடுத்துப் பாத்தன். கடதாசிக் கூம்பைக் காணேல்லை! ஒட்டின கோதுமை மாப் பசையோடை சேத்து எலி திண்டிட்டுது. இரும்பும் காந்தமும்தான் மிச்சம்.

கொழும்பிலை இருந்து சவுக்காரமே வராத காலம். ஸ்பீக்கர் வருமே?

சைக்கிளை எடுத்தன்.

முதலிலை கோயில்காரரிட்டைப் போனன். பழைய குழாய் ஸ்பீக்கர் ஒண்டு மடப்பள்ளிக்குள்ளை கிடந்தது. தூக்கிப் பாத்தன். உது ஊருக்குக் கூப்பிட்டுச் சொல்லத்தான் சரி, அடிக்கு உதவாது. வைச்சிட்டு வந்திட்டன்.

அடுத்தது கந்தையா மாஸ்டர். பென்சன்காரர். அவரிட்டை மண்ணெண்ணெயிலை ஓடுற மொறிஸ் மைனர் கார் ஒண்டு. பின்சீற்றுக்குப் பின்னாலை நல்ல ஸ்பீக்கர். விரலாலை தள்ளிப் பாத்தன், மெத்தெண்டு உள்ளுக்குப் போய் வந்துது. மூடின பெட்டிக்கு அப்பிடித்தான் வேணும்! சந்தோசத்திலை அளவுநாடாவை எடுத்தன்.

ஸ்பீக்கர் முட்டை வடிவம்.

"மாஸ்டர், என்ரை ஓட்டை வட்டம்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? வட்டத்தை இழுத்து நீட்டும்!"

"பலகை மாஸ்டர், ரப்பரே?"

"அப்ப காரையும் தொடாதையும்!" எண்டு கார்க் கதவை அடிச்சுச் சாத்தினார். கதவுக் கைபிடி அவரின்ரை கையோடை வந்திட்டுது. அதுக்கும் என்னைத்தான் முறைச்சார்.

மூண்டாவது, பூட்டிக் கிடந்த ஒரு தியேட்டர். காவல்காரர் உள்ளை கூட்டிக்கொண்டு போனார். திரைக்குப் பின்னாலை, ஐயோ, என்ன ஸ்பீக்கர்! அண்டாவின்ரை வாய் அளவு! மல்லாக்காப் படுத்துக் கிடக்கு. கிட்டப் போய்க் குனிஞ்சன்.

மூக்கிலை ஒரு கொத்து!

"உதுக்குள்ளை கோழி அடை கிடக்குது தம்பி" எண்டார் அவர், ஆறுதலா.

"கோழியை எழுப்பேலாதே அண்ணை?"

"எழுப்பினா முட்டை கூழாப் போம். குஞ்சு பொரிச்சாப் பிறகு வாருமன்."

பெட்டியை விடப் பெரிய ஸ்பீக்கரை வைச்சு நான் என்ன செய்யிறது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டை வந்தன்.

விறாந்தையிலை கால் வைச்சன். மேசையிலை மாமான்ரை றேடியோ. பெரிய, பழைய, மர றேடியோ. முன்னுக்குத் துணி. துணிக்குப் பின்னாலை...

எட்டிஞ்சி!

இந்த றேடியோவைப் பற்றிச் சொல்லோணும். ஒழுங்கையிலை அப்ப வேலை செய்த றேடியோ இது ஒண்டுதான். ஒவ்வொரு பின்னேரமும் செய்திக்கு ஊர்ச்சனம் எங்கடை விறாந்தைக்கு வரும். புதுப் பற்றரி கிடையாது எண்டபடியால் மாமா நாலு பழைய ரோச் லைற் பற்றரியை வெய்யிலிலை காய வைச்சுக் காய வைச்சுப் பாவிச்சு வந்தார். கொழும்புப் பாதை திறக்குமோ, பூட்டுமோ, கப்பல் வருமோ, எல்லாம் அந்தச் செய்தியிலைதான். மாமாவிட்டை ஒரு நாளும் செய்தி தவறினதில்லை. அந்த மனிசனுக்கு ஊருக்குள்ளை இருந்த மரியாதையிலை அரைவாசி அந்த றேடியோவாலை வந்தது.

மாமா மத்தியானச் சாப்பாடு முடிச்சு நல்ல நித்திரை. மனிசி சாந்தியைக் கூப்பிட்டன்.

"சாந்தி, உந்த ஸ்பீக்கரை ஒருக்கால் கழட்டிப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பாக்கட்டே? சரி எண்டா இப்பிடி ஒண்டு தேடலாம். செய்திக்கு முன்னம் திருப்பிப் பூட்டிடுவன்."

"என்னப்பா, உங்களுக்கு என்ன விசரே? அப்பா எழும்பினா?"

"அஞ்சு நிமிச வேலையப்பா!"

அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். கலியாணம் முடிஞ்ச மூண்டாம் மாசத்துப் பார்வை. முப்பது வருசமாச்சு, அது இன்னும் மாறேல்லை.

கழட்டினன். பெட்டிக்குள்ளாலை வைச்சு முன்பலகையிலை உள்பக்கமாவே திருகாணி போட்டு இறுக்கினன். அச்சொட்டாப் பொருந்திச்சு! மாமான்ரை பற்றரியை வயரிலை தொட்டுப் பாத்தன். 'டொக்!' கூம்பு குதிச்சுது. என்ன சுகம்! திருப்பித் தொட்டன். டொக்! பின்பலகையைச் சும்மா சாத்தி வைச்சுத் தொட்டன். டொக், டொக், டொக்!

நான் டொக்கிக்கொண்டு இருக்க, குசினிக்குள்ளாலை மாமி வந்தா. "தம்பி, சங்கக்கடையிலை மண்ணெண்ணெய் குடுக்கினமாம். கெதியா ஓடும்!"

மாமி சொல்லி மருமோன் போகாமல் இருக்கேலுமே? போத்தலோடை ஓடினன். வரிசை சந்தி வரைக்கும் நிண்டுது.

இதிலை நான் மறந்த ஒரு சங்கதி. காலமை என்ரை சிநேகிதன் அந்தோனிக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தன், "வந்து பெட்டியைக் காத்துப் போகாமல் அடைச்சுத் தா" எண்டு. அந்தோனி குருநகர். வள்ளத்திலை தண்ணி ஏறாமல் நீக்கல் அடைக்கிற குடும்பம். கடலுக்குப் போகத் தடை, வள்ளமெல்லாம் கரையிலை கவிண்டு கிடக்கு, அவனுக்குக் கை துருதுருவெண்டு நிண்டிருக்கு. குங்கிலியம், எண்ணெய், பஞ்சு எல்லாத்தையும் சைக்கிளிலை கட்டிக்கொண்டு பறந்து வந்திருக்கிறான்.

நான் மண்ணெண்ணெயோடை வர, படலையடியிலை நிண்டு பல்லுத் தெரியச் சிரிக்கிறான்.

"மச்சான், வந்து பார்! கப்பலைக் கூட ஒருத்தனும் இப்பிடி அடைச்சிருக்க மாட்டான்!"

"என்னத்தையடா அடைச்சனீ?"

"பெட்டியை."

போத்தலைக் கீழை வைச்சன். "உள்ளை ஸ்பீக்கர் கிடந்ததை நீ காணேல்லையே?"

"கண்டனான். அது உள்ளைதானே மச்சான் இருக்கோணும்?"

புத்தகமும் அதைத்தானே சொன்னது!

"பேந்து அடைப்புச் சரியோ எண்டு தொட்டியிலை விட்டுப் பாத்தன்."

"எங்கை விட்டனீ?"

"உங்கடை கிணத்துத் தொட்டியிலை. மிதக்குது மச்சான்! ஒரு சொட்டுத் தண்ணி ஏறேல்லை! ஸ்பீக்கரை மேலை பாக்க வைச்சுத்தான் விட்டனான், நான் என்ன விசரனே?"

ஓடிப்போய்ப் பாத்தன். பின்பலகையைச் சுத்தி ஆணி. ஆணிக்கு மேலை பஞ்சு. பஞ்சுக்கு மேலை குங்கிலியம், கல்லு மாதிரி. உளியை வைச்சு ஒரு தட்டுத் தட்டினன். உளி வளைஞ்சுது.

"கடலாலையே உதைக் கழட்டேலாது. நீ உளியோடை நிக்கிறாய்" எண்டான் அந்தோனி. அவன்ரை குரலிலை ஒரு பெருமை வேறை!

"கோடாலியாலை கொத்தட்டே?"

"கொத்தினா ஸ்பீக்கரும் சேந்து போம்."

உளியைக் கீழை போட்டன். மாமா என்னை ஏசிறது ஒரு பக்கம். ஊர் கூடி நிக்கேக்கை அந்த மனிசன் வெறும் பெட்டியைத் திருகிக்கொண்டு இருக்கப் போறாரே! என்னாலை!

படலை கிறீச்சிட்டுது. முதல் ஆள் பொன்னம்பலத்தார். பக்கத்து வளவு. "என்ன, இண்டைக்குப் பாதைச் செய்தி சொல்லுவாங்களாம்!" பின்னாலை இன்னும் சனம்.

உள்ளை மாமா இருமிற சத்தம். எழும்பிட்டார்!

அவர் முகம் கழுவி, திருநீறு பூசி, வந்து கதிரையிலை இருப்பார். அதுக்குப் பிறகு ஒரு கை மட்டும் நீளும், றேடியோவைப் போட. எனக்கு இருந்த நேரம் ஒரு திருநீறு பூசுற நேரம்.

"ஸ்பீக்கரை றேடியோவுக்குக் கொண்டுபோக ஏலாது. றேடியோவைத்தான் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகோணும்" எண்டாள் சாந்தி.

இந்தப் புத்தி எனக்கு வரேல்லை பாருங்கோ!

நானும் அந்தோனியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி மேசைக்குக் கீழை வைச்சம். பெட்டியாலை வந்த ரெண்டு வயரை றேடியோவின்ரை பின்பக்கத்து வயரோடை முறுக்கினன். மேசைச்சீலையை இழுத்து மறைச்சாள் சாந்தி.

மாமா வந்தார். இருந்தார். கை நீண்டுது. திருகினார்.

ஒரு சத்தமும் இல்லை.

பற்றரி! மத்தியானம் முழுக்க நான் டொக்கினதிலை பற்றரி செத்துப்போச்சு!

மாமா திருப்பித் திருகினார். மாமான்ரை நெத்தியிலை வேர்வை.

"மாமா, பற்றரி பழுதாக்கும்! ஒரு நிமிசம்!" எண்டு கத்திக்கொண்டு என்ரை சைக்கிளை விறாந்தைக்கு ஏத்தி ஸ்ராண்டிலை விட்டன். அந்தோனி டைனமோ வயரை இழுத்து றேடியோவிலை பூட்டினான். நான் ஏறிக் குந்தி, சாரத்தை மடிச்சுக் கட்டி, மிதிச்சன்.

மிதிச்சன். மிதிச்சன்.

அண்டைக்குச் செய்தி வாசிச்சது ஒரு பொம்பிளை. மெல்லிய குரல். வழமையாக் காது குடுத்துக் கேக்கோணும்.

அண்டைக்கு மேசைக்குக் கீழையாலை வந்தது ஒரு சண்டியன்!

"வணக்கம்!"

தேத்தண்ணிக் கோப்பையள் கிலுகிலுத்துது. நாய் ஊளையிட்டுக்கொண்டு வேலிக்கு மேலாலை பாய்ஞ்சுது. குசினிக்குள்ளாலை மாமி, "ஆரது, ஆர் வந்திருக்கிறது?" எண்டு அகப்பையோடை ஓடி வந்தா. பொன்னம்பலத்தார் எழும்பி நிண்டு தோளிலை கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்துக்குள்ளை வைச்சார். அவரைப் பாத்து எல்லாரும் எழும்பிட்டினம்.

பாதையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. எங்கேயோ மழை பெய்யுமாம். ஆனா அந்தக் குரலிலை கேக்க, மழைக்கே பயம் வந்திருக்கும். கைகட்டி நிண்டு கேட்டுது சனம்.

என்ன நடக்குது எண்டு பாக்க நான் மிதிக்கிறதை ஒருக்கால் நிப்பாட்டினன். சத்தம் நிண்டுது. இருவது முகம் என்ரை பக்கம் திரும்பிச்சு.

"மிதி தம்பி, மிதி!"

செய்தி முடிஞ்சுது. மாமா குனிஞ்சு மேசைச்சீலையைத் தூக்கினார். பெட்டியைப் பாத்தார். றேடியோவுக்குள்ளை ஸ்பீக்கர் கழண்ட பொத்தலைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். எனக்குக் கரவெட்டிக்கு விடியக்காலமை எத்தினை மணிக்கு வெளிக்கிடலாம் எண்டுதான் யோசினை.

"மருமோன்" எண்டார். "இவ்வளவு காலமும் நாங்கள் கேட்டது செய்தியே இல்லை. இப்பத்தான் செய்தி மாதிரிக் கிடக்கு."

"ஓம் ஓம், நல்ல உசாரான செய்தி" எண்டார் பொன்னம்பலத்தார்.

எனக்கு அழுகை வந்திட்டுது, சத்தியமா. சாந்தி மற்றப் பக்கம் திரும்பிச் சிரிச்சாள்.

"அப்ப மாமா, பொங்கலுக்குப் பெட்டி..."

"வைரவருக்கு அடி தேவையில்லை. பெட்டி இஞ்சை நிக்கட்டும். சைக்கிளும் நிக்கட்டும்" எண்டார் மாமா. "மருமோனும் நிக்கட்டும்."

அதுக்குப் பிறகு நாங்கள் இடம்பெயருமட்டும் ஒவ்வொரு பின்னேரமும் ஊர் முழுக்க எங்கடை விறாந்தையிலை எழும்பி நிண்டு உலகத்துப் புதினம் முழுக்கக் கேட்டுது.

என்னட்டை மட்டும் அந்தக் காலத்துச் செய்தி ஒண்டும் கேக்காதேங்கோ, டைனமோச் சத்தத்திலை எனக்கு ஒரு சொல்லும் விளங்கினதில்லை.