ஈரலுக்கு முன்ஜாமீன்

குடிகாரர்களில் பல வகை உண்டு. அழுகிறவர், பாடுகிறவர், பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டருக்கு அறிவுரை சொல்கிறவர். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்னொரு வகையும் உண்டு: முன்ஜாமீன் குடிகாரர். சாயங்காலம் செய்யப்போகும் குற்றத்துக்குக் காலையிலேயே கீழாநெல்லியிடம் ஜாமீன் வாங்கிவிடுகிறவர்.

திருத்தணி பஜாரில் லுங்கிக் கடை வைத்திருக்கும் பரசுராமன் அப்படிப்பட்டவர். மனைவி பத்மா அரைத்து மோரில் கலக்கித் தரும் கீழாநெல்லியை விடிந்ததும் கண்ணை மூடி மடக்கென்று விழுங்கி, விபூதி பூசி, கடையைத் திறந்து, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே வந்தவர் போனவருக்கெல்லாம் வாட்ஸ்அப் ஆராய்ச்சியைப் படித்துக் காட்டுவார். சாராயம் ஈரலைத் துருப்பிடிக்க வைக்குமாம். இலையில் இருக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அந்தத் துருவைத் துடைத்துவிடுமாம். ஆகவே ஏழு மணிக்கு ஒரு குவார்ட்டர். துருவே இல்லாவிட்டால் இலை பாவம் எதைத் துடைக்கும், சொல்லுங்கள்?

“எலிக்குக் குடுத்துப் பாத்துக்கிறாங்க பாய். ஈரல் அப்டியே கீதாம்!”

பக்கத்துக் கடை மெக்கானிக் நசருல்லா ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பதில் சொல்வார். “எலிக்கு ஊத்தி உட்டாங்க, குடிச்சிது. நீ தானா போய் கியூவுல நிக்கிற. அது வேற கேஸு நைனா.”

வைகாசிக் கடைசியில் பரசுராமனின் கண் மஞ்சளானது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், பத்மாவிடம்தான் பேசினார். “குடிய நிறுத்தினா ஈரல் தேறும். இல்லன்னா வயித்துல தண்ணி சேர ஆரம்பிச்சிடும்.”

பத்மா வாதாடவில்லை. நேரே மலையேறி, ஆடிக் கிருத்திகைக்குக் கணவர் காவடி எடுப்பார் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். முருகனிடம் இலை ஜாமீன் செல்லுமா? பரசுராமன் மஞ்சள் வேட்டி கட்டினார். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு கிடையாது.

காவடி செலுத்திய மறுநாள் மறுபடியும் பரிசோதனை. எண்களெல்லாம் மளமளவென்று இறங்கியிருந்தன.

“பாத்தியா பாய், கீழாநெல்லிய!” என்று தாளை நசருல்லாவின் மூக்குக்கு நேரே ஆட்டிவிட்டு, கொண்டாடக் கிளம்பி ஒரு செருப்பை மாட்டினார்.

கடைக்குள்ளிருந்து பத்மா கேட்டாள். “எங்க?”

“ஈரல் கிளீனா கீது. தினம் எல குடிச்சிகினுதான இருக்கேன், இன்னா பயம்?”

“எலையா? ஆனி வெயில்ல கீழாநெல்லிக்கு எங்க போவேன்? ஒன்றரை மாசமா நீங்க குடிச்சிகினு இருந்தது சிறுகீரைங்க. கசப்புக்கு ரெண்டு வேப்பங்கொழுந்து. உங்க ஈரலத் தேத்துனது நீங்க குடிச்சது இல்ல, குடிக்காதது.”

நசருல்லா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

பரசுராமன் யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. அதைப் பார்த்துப் பத்மாவின் முகமும் தெளிந்தது.

“அடேங்கப்பா, சிறுகீரைக்கே இவ்ளோ பவரா!” என்று இன்னொரு செருப்பையும் மாட்டினார்.

“ஆங், போய்ட்டு வாங்க. நானும் அப்டியே மலைக்குப் போய்ட்டு வரேன். தைக் கிருத்திகை வரைக்கும் விரதம் இருப்பீங்கன்னு வேண்டிக்கினு வந்துடறேன்.”

இரண்டு செருப்பும் கழன்றன.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சர்க்கரைக்கு நல்லது என்று உங்கள் வீட்டு டம்ளரில் வெந்தயம் ஊறிக்கொண்டிருக்கிறதே, அது நாளைக்கு எந்த ஜிலேபிக்கு வாங்கிய ஜாமீன்?