ஆரத்திப் பருப்பு

வீட்டை விற்கிறவர்கள் சுவரைப் பற்றிப் பொய் சொல்லலாம். கூரையைப் பற்றிச் சொல்லலாம். துணிச்சல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிக்கூடச் சொல்லலாம். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லக்கூடாது. அடுப்பில் ஏற்றினால் அது உள்ளதைக் கக்கிவிடும். இந்த ஞானம் எனக்குப் பத்தொன்பது வயதில், அரியலூரில், ஓர் அடுப்புக்கு முன்னால் கிடைத்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ அசட்டுத்தனம் செய்திருக்கிறேன். ஆனால் என் குடும்பம் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான்.

நான் பிறந்தது கொள்ளிடக் கரையில், திருமானூர்ப் பக்கம். எங்கள் ஊரில் பருப்பு வேகுமா என்று யாராவது கேட்டால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். என்னை அரியலூரில் கொடுக்கும்போது அப்பா ஜாதகம் பார்த்தார், மாப்பிள்ளையின் படிப்பைப் பார்த்தார், வீட்டில் எத்தனை கட்டு என்றுகூடப் பார்த்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்த ஊரில் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். விடியற்காலையில் அடுப்பில் ஏற்றிய துவரம்பருப்பு, மத்தியானம் இலை போடும்போதும் போட்ட மாதிரியே முழித்துக்கொண்டு கிடக்கும். விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். முதல் நாளே ஊறவைத்துப் பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்ததுதான் மிச்சம். ஆகவே எங்கள் வீட்டில் வாரம் முழுக்கப் புளிக்குழம்பு. மழைத்தண்ணீர் பிடித்துவைத்தால் மட்டும் பருப்புக் குழம்பு. (அரியலூரில் மழை பெய்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.)

கல்யாணமான சில மாதங்களிலேயே இவருக்குத் திருச்சியில் ரயில்வே ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது. (இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இந்த வயதில் ஆரம்பிக்கவும் உத்தேசமில்லை.) ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போய்விடுவார். மாமனார் முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் நானும் மாமியாரும்தான். வீட்டை விற்றுவிட்டு மூன்று பேரும் திருச்சிக்கே போவதென்று முடிவாயிற்று. ஆனால் அத்தை ஒரு நிபந்தனை போட்டார்கள்.

"விளக்கில்லாம வூட்டப் பூட்டிப் போட்டுட்டு நான் வரமாட்டேன். வாங்கறவங்க வந்து விளக்கேத்தட்டும். அப்பறம் நான் படி எறங்குறேன்."

ஆக, வீடு விலைபோகிற வரைக்கும் அவர் அங்கே, நான் இங்கே. புதுசாகக் கல்யாணமானவளுக்கு அது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனில் ரயில் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகை வரும். புளிக்குழம்புக் காரம் என்று அத்தையிடம் சொல்லிக்கொள்வேன்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், தூணைத் தட்டிப் பார்த்தார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள். கடைசியில் அத்தையிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டார்கள். அத்தை சொன்னார்கள். அவர்கள் போய்விட்டார்கள். நான் ஒருநாள் மெல்ல ஆரம்பித்தேன்: கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னால் என்ன அத்தை? அவர்கள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்கள்: "கேட்டா சொல்லுவேன். கேக்காட்டி சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான் அவர்களுடைய தர்மசாஸ்திரம். அதில் மேற்கொண்டு பக்கங்கள் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் தரகர் ஒரு சேதி கொண்டுவந்தார். மீன்சுருட்டியிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள். நிலபுலன் உள்ளவர்கள். பிள்ளைகளின் படிப்புக்காக டவுனில் வீடு தேடுகிறார்கள். வீட்டுக்காரர் சாது. அந்த அம்மாள்தான் எல்லாம். போகிற இடத்திலெல்லாம் முந்தானையில் ஒரு பிடி துவரம்பருப்பு முடிந்துகொண்டு போய், அந்த வீட்டுத் தண்ணீரில் வேகவைத்துப் பார்க்கிறாராம். தரகர் இதைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். நான் விடவில்லை. எனக்குள் ஒரு மகா மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

முதலில் வீட்டை அலங்கரித்தேன். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தால் சுவர் பளிச்சென்று இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேள்விப்படவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் கூடம் முழுக்கக் கிருஷ்ண பகவான் நிறம். அத்தை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எந்தச் சாமிக்குன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார்கள். மறுபடி இரண்டு பூச்சு வெள்ளை அடித்து பகவானை மறைத்தோம். வாசலுக்கு மாவிலைத் தோரணம், நிலைப்படிக்கு மஞ்சள். கொட்டில் காலியாகக் கிடந்தால் வீட்டுக்கு லட்சணமில்லை என்று எதிர்வீட்டுக் கமலம் அக்காளிடம் கறவை மாட்டைக் கன்றோடு ஒரு பொழுதுக்கு இரவல் வாங்கிக் கட்டினேன்.

அடுத்தது தண்ணீர். திருமானூரில் என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்: வரும்போது ஒரு தவலை கொள்ளிடத் தண்ணீர். எதற்கு என்று கேட்கிற அளவுக்கு அவன் என்னை அறியாதவன் இல்லை, கேட்காமலே கொண்டுவந்தான். அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரி போட்டு ஓடும். அந்தப் பஸ்ஸில், வாய்க்கு வேட்டி கட்டிய தவலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவனைப் பார்த்தவர்கள், கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத் தீர்த்தம் போகிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆளாளுக்குத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். அவனும் இல்லையென்று சொல்லவில்லை. மேட்டில் ஏறி இறங்கிச் சிந்தியது போக, வந்து சேர்ந்தது பாதித் தவலை. ஒரு பிடி பருப்புக்கு அது போதும்.

தவலையைக் கொல்லைப்புறத்தில் கிணற்றடியிலேயே வைத்து, பக்கத்தில் ஈர வாளியும் கயிறும் போட்டுவைத்தேன். "இப்பத்தான் எறைச்சேங்க" என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நாக்குக் குழறாமல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் ரயிலில் வந்து இறங்கினார். வெற்றிலை போடும் நேரத்துக்கு மீன்சுருட்டி வண்டி வாசலில் நின்றது. நான் பட்டுப்புடவை சரசரக்க வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் எடுத்துவரக் கொல்லைப் பக்கம் போனேன்.

இரவல் மாடு அவிழ்த்துக்கொண்டு நின்றது. (கொம்புக்குப் பயந்து நான் போட்ட முடிச்சு, முடிச்சு என்று சொல்லத் தக்கதல்ல.) தலை முழுதும் தவலைக்குள் இருந்தது. பாவம், பிறந்ததிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஜீவன். கொள்ளிடத்தைக் கண்டதும் என்னைவிட அதற்கு ஏக்கம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. நான் ஓடிப்போய் இழுப்பதற்குள் அடியையும் நக்கிவிட்டு, தவலையை உருட்டிவிட்டு, மிகுந்த நன்றியோடு என்னைப் பார்த்தது.

புத்தியுள்ளவளாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். நான் நேரே பரணுக்குப் போனேன். சவுக்காரம் கிடைக்காத அந்த நாளில் துணி வெளுக்க என்று ஒரு பொட்டலம் சலவைச் சோடா வைத்திருந்தோம். சோடா போட்டால் எதுவும் வேகும் என்று எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம். அது ஆப்பச் சோடாவா, சலவைச் சோடாவா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அதற்குள் அந்த அம்மாள் கொல்லைக்கே வந்துவிட்டார். நல்ல உயரம், மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி, சிரிக்காத வாய். தானே வாளியை விட்டு இறைத்தார், வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். "அடுப்பு இருக்குல்ல?" என்றார். சமையலறைக்குப் போனோம். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பருப்பைப் பாத்திரத்தில் போட்டார். அவர் விறகைத் தள்ளக் குனிந்தபோது நான் என் முடிச்சை அவிழ்த்தேன். சிட்டிகை போடுவதாகத்தான் எண்ணம். அவர் நிமிர்வதற்குள் என்ற அவசரத்தில் முழுதும் போய்விட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. கூடத்தில் இவர் அந்த அம்மாளின் வீட்டுக்காரருக்குக் கூரை உத்தரத்தைக் காட்டிக்கொண்டிருந்த குரல் கேட்டது. அப்புறம் பாத்திரம் உறுமியது. நுரை கிளம்பி விளிம்புக்கு வந்து, விளிம்பைத் தாண்டி, நான் விடியற்காலையில் மெழுகிக் கோலமிட்ட அடுப்பின் மேலெல்லாம் வழிந்தது. உள்ளே அந்த வீட்டின் சரித்திரத்தில் முதன்முறையாகப் பருப்பு குழைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பெருமைகூட வந்துவிட்டது.

"மஞ்சத்தூள் எங்கம்மா?" என்றார் அந்த அம்மாள்.

பருப்பென்றால் மஞ்சள் போடத்தானே செய்வார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒரு சிட்டிகை போட்டுக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினார். பாத்திரத்திலிருந்தது மஞ்சளாகவில்லை. சிவந்தது. கல்யாணத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆரத்தி கரைப்போமே, அதே சிவப்பு. இன்னொரு சுற்றுச் சுற்றினார். இன்னும் நன்றாகச் சிவந்தது.

சத்தம் கேட்டு வந்த இவர் வாசற்படியில் நின்று பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என்ன கொழம்பு?" என்று கேட்டார். அத்தை வந்தார்கள். நுரை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படியே கிணற்றில் இறங்கிவிடலாம் போலிருந்தது. திருச்சி போயிற்று, இனி ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னை ஒன்றும் கேட்காமல் அத்தை பக்கம் திரும்பினார்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க. இந்தத் தண்ணில பருப்பு வேகுமா?"

நான் அத்தையைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன். கேட்டாகிவிட்டது. சாஸ்திரம் திறந்துவிட்டது.

"வேகாதுங்க," என்றார்கள் அத்தை. "நான் இந்த வூட்டுக்கு வாழ வந்த நாளா வேகல. ஐப்பசில அந்த மூலைல ஒழுகும், அதையும் சொல்லிடறேன். மத்தபடி வூடு நல்ல வூடு. எம் புள்ள பொறந்த வூடு."

கடைசி வார்த்தையில் அவர்கள் குரல் லேசாகக் கம்மியது. அந்த வீட்டை விட்டுப் போக அவர்களுக்கும் வலிக்கும் என்பது அதுவரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. சோடாவை மறந்து அதற்காகவும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

மீன்சுருட்டி அம்மாள் முதல்தடவையாகச் சிரித்தார்.

"இந்த மண்ணுல எந்தக் கெணத்துல பருப்பு வெந்துச்சு? அது தெரியாமயா வண்டி கட்டிக்கிட்டு வருவேன்? கூரையப் பிரிச்சுப் பாக்க முடியாது, செவுத்த இடிச்சுப் பாக்க முடியாது. பருப்பப் போட்டா, வூட்டுக்காரங்க என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சிடும். போன எடத்துலல்லாம் பஞ்சா வேகும்னாங்க. வேகாதுன்னு சொன்னது நீங்கதான்."

பிறகு பாத்திரத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"அதோட, உங்க மருமக ஆரத்தி வேற கரைச்சிருச்சு. ஆரத்தி கரைச்ச வூட்டுக்குள்ள வராமப் போனா நல்லாருக்காது. நாங்க எடுத்துக்கறோம். இந்தப் பொண்ண மட்டும் சீக்கிரம் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அடுப்பு தாங்காது."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். புளிக்குழம்புக் காரம் என்று சொல்ல அன்றைக்கு வழியில்லை.

நல்ல நாள் பார்த்து அந்த அம்மாள் வந்து விளக்கேற்றினார். அத்தை படி இறங்கினார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. திருச்சியில் காவிரித் தண்ணீரில் நான் முதல் பருப்பை ஏற்றினேன். வெற்றிலை மடிக்கிற நேரத்தில் வெந்து மலர்ந்துவிட்டது. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நிறத்தை வெளிச்சத்தில் பார்த்து, சோடா போட்டாயா என்று விசாரித்தார்கள். இவருக்குப் புரையேறிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது பூசி மெழுகினால், "மஞ்சள் கொண்டாங்க, பாத்துடலாம்" என்பார்கள். என் பெண்கள் சொன்னார்கள், மருமகள்களும் வந்த மாதத்திலேயே கற்றுக்கொண்டார்கள். சின்னவன் அரியலூருக்குப் பக்கத்திலேயே பெரம்பலூரில் வீடு கட்டிக் குடிபோனபோது, மருமகள் ஆரத்திக்குச் சுண்ணாம்பு தேடினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவர், "சுண்ணாம்பு எதுக்கு? உங்க மாமியாரப் பருப்பு வெக்கச் சொல்லு" என்றார். வந்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. தெரியாத நாலு பேருக்குத் தெரிந்த நாற்பது பேர் கதை சொன்னார்கள்.

சிரித்து ஓய்ந்தபின், சம்பந்தியம்மாள் மரியாதைக்கு என்னிடம் கேட்டார், புது வீட்டில் தண்ணீர் எப்படி என்று. மகன் வாசலிலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினான். கூடமே என் வாயைப் பார்த்தது. அத்தை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கேட்டாகிவிட்டதே.

"பருப்பு வேகாதுங்க," என்றேன்.